வெள்ளம் வராவிட்டால்

வியாகுலம்மாள் எங்கே குடியிருக்கிறாள் என்பது இரணியல் சந்தையில் எல்லோருக்கும் தெரியும். யாரோடு குடியிருக்கிறாள் என்பதும் தெரியும். ஆனால் அதைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டதில்லை. மீனுக்கு விலை பேசுவார்கள், செதிளைச் சுரண்டித் தரச் சொல்வார்கள், கடல் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார்கள். வீட்டுப் பேச்சு வந்தால் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவளும் சொல்ல மாட்டாள். இப்படியே ஏழெட்டு வருடம் ஓடியிருந்தது.

அவள் பிறந்தது கடியபட்டணத்தில். பத்தொன்பது வயதில் ததேயுஸுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ததேயுஸ் அதிகம் பேசாத, சாதுவான மீன்பிடிகாரன். இரண்டாவது வருடம் ஆடிமாதக் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியது. பிள்ளை இல்லை. துக்கம் முடிந்ததும், ததேயுஸின் ஒன்றுவிட்ட தம்பி சிலுவைக்கே அவளைக் கட்டிவைத்துவிடலாம் என்று மாமியார் வீட்டில் பேச்செடுத்தார்கள். அவள் மாட்டேன் என்றாள்.

"சிலுவைக்கு என்ன கொறையாம்?" என்று அவளுடைய அக்கா செசிலி வந்து கேட்டாள்.

"ஒரு கொறையும் இல்ல. நல்லவன்தான்."

"பின்ன?"

"எனக்கு வேண்டாம் அக்கா. அவ்வளவுதான்."

அதற்குமேல் சொல்ல அவளுக்கே காரணம் தெரியவில்லை. மாமியார் வீட்டை விட்டு இறங்கி, மீன்கூடையைத் தலையில் எடுத்தாள். விடியும் முன்னே கரையில் மீன் வாங்கி, மணவாளக்குறிச்சி வழியாக ஓட்டமும் நடையுமாக இரணியல் சந்தைக்கு வந்துவிடுவாள். தொண்டை பெரிது. அவள் கூவினால் மீன் வாங்க நினைக்காதவர்களும் எட்டிப் பார்ப்பார்கள்.

சந்தையில் மீன் வரிசைக்கு எதிர்ப்பக்கம் கருப்பட்டி வரிசை. அங்கே தாணம்மாள் இருந்தாள். உயரமான, ஒல்லியான பெண். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள். அய்யாவழிக் குடும்பம், ஞாயிறு தவறாமல் தாங்கலுக்குப் போய்க் கும்பிட்டு, நெற்றியில் நாமத்தோடு வருவாள். அவளுக்கு இரண்டு கல்யாணம் பேசி இரண்டும் தட்டிப்போனது. மூன்றாவதாக ஒன்று கூடிவந்தபோது அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். தாய் இருந்தவரை அதைப் பெரிதாக எடுக்கவில்லை. சாகும்போது தென்னந்தோப்பு ஓரத்து வீட்டை அவளுக்கென்று சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த தோட்ட விளையில் குடியிருந்த தம்பி முத்துநாயகத்துக்கு அதில் மனத்தாங்கல்.

நாற்பத்தேழாம் வருடம் ஆனி மாதத்தில் ஒரு நாள் வியாகுலம்மாள் காய்ச்சலோடு சந்தைக்கு வந்தாள். கூடை இறக்கியவள் எழுந்திருக்கவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது. சுற்றியிருந்த மீன்காரிகள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது தாணம்மாள் வரிசையைக் கடந்து வந்தாள். அவள் அப்படி வந்ததே இல்லை. மீன் வாடை பட்டால் கருப்பட்டி விலைபோகாது என்பதால் அந்த வரிசைக்காரர்கள் யாரும் வரமாட்டார்கள்.

"எனக்க வீடு பக்கம்தான். எழும்பு," என்றாள்.

காய்ச்சல் இறங்கப் பல நாள் ஆனது. கஞ்சியும் சுக்குத் தண்ணியும் கொடுத்துத் தாணம்மாள் பார்த்துக்கொண்டாள். பேசாத பெண் என்று ஊர் நினைத்திருந்தவள் வியாகுலம்மாளிடம் பேசினாள். வியாகுலம்மாளோ அந்தப் பெரிய தொண்டையை அடக்கி, மெல்லப் பேசக் கற்றுக்கொண்டாள். உடம்பு தேறிக் கடியபட்டணத்துக்குத் திரும்பியவளுக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை. ஓணம் கழிந்ததும் தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு இரணியலுக்கே வந்துவிட்டாள்.

"தெனமும் அம்புட்டு தூரம் நடக்க முடியல்ல," என்று செசிலியிடம் காரணம் சொன்னாள்.

மீன் வாங்க விடியற்காலையில் கடற்கரைக்கு வந்துதான் ஆகவேண்டும், வந்தால் திரும்பவும் நடக்கத்தான் வேண்டும். செசிலிக்கு அது தெரியும். ஆனாலும் சரியென்று தலையை ஆட்டினாள்.

ஒரே வீட்டில் மீனும் கருப்பட்டியும் இருக்க முடியாது. வீட்டின் கிழக்கே கருப்பட்டிக்கு ஒரு சாய்ப்பு இறக்கினார்கள். மேற்கே, காற்று வெளியே போகிற பக்கம், கருவாட்டுக்கு ஒரு சாய்ப்பு. வியாகுலம்மாள் சந்தையிலிருந்து வந்ததும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். தாணம்மாள் குடத்தில் தண்ணீர் கோரி வைத்திருப்பாள். நாலுபேர் முன்னால் தாணம்மாள் அவளை 'அக்கா' என்பாள். வீட்டுக்குள் 'வியாகுலம்' என்பாள். முத்துநாயகம் அந்த வீட்டு முற்றத்தை மிதிப்பதை நிறுத்திவிட்டான். தாணம்மை துணைக்கு ஆள் வைத்திருக்கிறாள் என்று பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். கடியபட்டணத்துக்குத் தாணம்மாள் ஒருநாளும் போனதில்லை. விசேஷ நாட்களில் செசிலியின் பிள்ளைகளுக்கென்று கருப்பட்டி கொடுத்துவிடுவாள், அவ்வளவுதான். இருவரும் சேர்ந்து வெளியூர் எங்கும் போனதில்லை. தங்களுக்குள்ளும் இது இன்னது என்று அவர்கள் பெயர் சொல்லிப் பேசியதில்லை.

ஐம்பத்தைந்தாம் வருடம் மாசி மாதத்தில் படம் காட்டும் வண்டி வந்தது.

சந்தைத் திடலில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் திரை கட்டினார்கள். காசு கிடையாது என்பதால் ஊரே கூடிவிட்டது. முன்னால் பிள்ளைகள், ஒருபக்கம் பெண்கள், பின்னால் ஆண்கள். வண்டியோடு ராஜமணி என்று நாகர்கோவில்காரர் ஒருவர் வந்திருந்தார். படம் இங்கிலீஷில் பேசும். அவர் மைக்கில் தமிழில் கதை சொல்வார். முதலில் கொசுவைப் பற்றி ஒரு படம், பிறகு தென்னை நோயைப் பற்றி ஒன்று. பிள்ளைகள் தூங்கிவிழ ஆரம்பித்தபோது, "இனி ஒங்களுக்குத்தான்," என்று ராஜமணி கடைசிப் படத்தை ஓடவிட்டார்.

அது வரைந்த படம். வரைந்த கோழி நடந்தது, வரைந்த குளத்தில் தண்ணீர் அலைந்தது. பெரியவர்களே வாயைத் திறந்து பார்த்தார்கள்.

ஒரு பண்ணை. சாயங்காலமானால் சேவல்கள் நெஞ்சை நிமிர்த்தி நடக்க, கோழிகள் ஆளுக்கொரு சேவலின் பின்னால் கூட்டுக்குள் போகின்றன. தவிட்டுநிறக் கோழி ஒன்று மட்டும் குளத்தங்கரைக்குப் போகிறது. அங்கே வெள்ளை வாத்து ஒன்று. கோழிக்குத் தண்ணீர் என்றால் பயம். வாத்துக்கு மண்ணைக் கிளறத் தெரியாது. இது புழுவைக் கிளறிக் கொடுக்கிறது, அது நத்தையைக் கொண்டுவருகிறது.

"வாத்து அண்ணனுக்கு நம்ம கோழியம்மா மேல ஒரு இது," என்றார் ராஜமணி. ஜனங்கள் சிரித்தார்கள்.

கோழிகள் கூட்டுக் கதவைச் சாத்திவிடுகின்றன. குளத்து வாத்துகளும், தூசி படிந்த கோழியோடு சேர்ந்ததை எங்களோடு சேர்க்கமாட்டோம் என்று கூட்டமாகத் திரும்பி நீந்திப்போகின்றன. கரையில் பழைய கூடை ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. இரண்டும் அதற்குள் குடிபுகுகின்றன. வைக்கோல் பரப்புகின்றன. மறுநாள் காலையில் வாத்து உடம்பைச் சிலுப்பி எழுந்திருக்கிறது. அது இருந்த இடத்தில் ஒரு முட்டை.

ராஜமணி மைக்கைக் கீழே இறக்கினார். முன்வரிசைப் பிள்ளைகளுக்கு அதற்குள் தூக்கம் போய்விட்டிருந்தது.

"அண்ணன் முட்டை போட்டாச்சு," என்று ஒன்று கத்த, எல்லாம் சேர்ந்து கத்தின.

பின்னால் ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. எண்ணெய்க்கடை பகவதியப்பனின் குரல்.

"ரெண்டும் பெட்டைதான் வேய். நம்ம தாணம்மையும் மீன்காரியும் மாதிரி."

திடல் முழுவதும் சிரித்தது. ஏழெட்டு வருடம் எல்லோரும் வாய்க்குள் வைத்திருந்தது ஒரு நொடியில் வெளியே வந்துவிட்டது. பெண்கள் பக்கம் மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது. தாணம்மாளைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் திரையையே பார்த்தார்கள். அவள் எழுந்திருக்கப் போனாள். வியாகுலம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இரி. படம் முடியட்டு."

"விடு என்னை."

"இப்ப எழும்பினா எல்லாரும் நம்மளப் பாப்பாவ. இருந்தா படத்தப் பாப்பாவ."

தாணம்மாள் உட்கார்ந்தாள். திரையில் வாத்து நீந்தப் போகிறது. கோழி அந்த முட்டையின்மேல் உட்கார்ந்து அடைகாக்கிறது. அந்த ஊரில் வாத்து முட்டையைக் கோழிக்கு வைத்துப் பொரிப்பது வழக்கம்தான். பெண்கள் அதைப் பார்த்து நிம்மதியானார்கள். பிறகு மழை. குளம் கரையை மீறுகிறது. கவிழ்ந்த கூடை புரண்டு படகாக மிதக்கிறது. வாத்து அலகில் கயிற்றைக் கவ்வி இழுக்க, கோழி கூட்டிலிருந்து மற்றக் கோழிகளின் குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கூடையில் ஏற்றுகிறது. எல்லாம் பிழைக்கின்றன. வெள்ளம் வடிந்ததும் சேவல்களும் கோழிகளும் வாத்துகளும் வரிசையாக நின்று இரண்டையும் வரவேற்கின்றன. கூட்டில் மேல்படி அவற்றுக்கென்று ஒதுக்கப்படுகிறது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கேலி செய்த ஆண்களும் கைதட்டினார்கள்.

அரிக்கன் விளக்கோடு இருவரும் தோப்புவழியே வீட்டுக்கு நடந்தார்கள். படலைத் திறக்கும்போதுதான் தாணம்மாள் பேசினாள்.

"இனி சந்தைக்கு எந்த மொகத்த வச்சிட்டுப் போவேன்?"

"இருக்க மொகத்த வச்சிட்டுப் போ."

"ஒனக்கு வெளையாட்டு. நான் இந்த ஊர்ல பொறந்தவ."

வியாகுலம்மாள் விளக்கை ஆணியில் மாட்டினாள். "தாணம்மை, அவன் சொன்னதுல பொய் ஏதாவது உண்டா?"

தாணம்மாள் பாயை விரித்தாள், அதன் ஓரத்தை நேராக்கினாள், பிறகும் நேராக்கினாள்.

"பொய் இல்ல. அதுனாலதான் பயமா இருக்கு," என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்தக் கோழி முட்டைமேல இருந்துதே, அப்ப மட்டும் எனக்குப் பயம் தெரியல்ல. மத்தவங்க இருக்கதே மறந்துபோச்சு," என்றாள்.

"எனக்கும்தான். நம்மள யாரோ மறைஞ்சிருந்து பாத்து வரைஞ்ச மாதிரி இருந்துது."

"அதுகளும் ஒண்ணும் சொல்லிக்கிடல்ல பாத்தியா? நான் இன்னாரு நீ இன்னாருன்னு. சும்மா கூடைக்குள்ள போய் இருந்துது."

"ஆனா கடைசிதான் எனக்குப் பிடிக்கல்ல."

"ஏன், நல்லாத்தானே முடிஞ்சுது?"

"எல்லாத்தயும் காப்பாத்தின பெறகுதான கதவத் தெறந்தாவ. வெள்ளம் வரல்லேன்னா?"

தாணம்மாள் எழுந்து விளக்குத் திரியைத் தணித்தாள்.

மறுநாள் அவள் சந்தைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. வியாகுலம்மாள் வழக்கம்போலப் போனாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அவளைப் பார்த்து வாத்துமாதிரி கத்தின. அவள் ஒருநாள் நின்று, "வாத்து இப்பிடியா கத்தும்?" என்று தன் பெரிய தொண்டையில் சரியாகக் கத்திக்காட்டினாள். பிள்ளைகள் மிரண்டு ஓடிப்போய், பிறகு சிரித்துக்கொண்டு திரும்பி வந்தன. பகவதியப்பனின் கடைக்கும் எப்போதும்போல எண்ணெய் வாங்கப் போனாள். அவர் அவள் கண்ணைப் பார்க்காமல் அளந்து ஊற்றினார். ஊற்றிய பிறகு மேலும் ஒரு கரண்டி விட்டார்.

"அளவு போரும் அண்ணாச்சி," என்று அவள் குப்பியை எடுத்துக்கொண்டாள்.

"நான் அன்னைக்கு என்னமோ வாயில வந்தத..." என்று அவர் தொடங்கினார்.

"என்ன வந்துதோ அது சரிதான். சிரிச்சதுதான் சரியில்ல," என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கரண்டியைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

அந்த வாரத்தில் ஒரு விடியற்காலை, மீன் எடுக்கப் போகும் வழியில், மணவாளக்குறிச்சிச் சாயாக்கடை முன்னால் அந்த வண்டி நிற்பதைப் பார்த்தாள். ராஜமணி பெஞ்சில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். வியாகுலம்மாள் வெறும் கூடையை இறக்கிவைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"தம்பி, நீங்க இரணியல்ல படம் காட்டினீங்கல்லா. அந்த வாத்து பெட்டைன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

ராஜமணிக்கு முகம் சிவந்தது. "தெரியும் அக்கா. படத்துல ரெண்டும் பொண்ணுன்னுதான் சொல்லுகாங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்."

"எதுக்கு?"

"ரெண்டு பொண்ணு சேந்து குடியிருக்குன்னா ஜனங்க சிரிப்பாங்கன்னு நெனச்சேன்."

"சிரிக்கத்தானே செய்தாவ?"

"ஆமா," என்று அவரும் சிரித்துவிட்டார். பிறகு, "உண்மையச் சொல்லணும்னா எனக்கே கூச்சமா இருந்துது. ஆணும் பெண்ணும்னா சொல்லது எளுப்பம். இதுக்கு வார்த்தை எங்க போய்த் தேடது?" என்றார்.

அவர் அவளைக் கேலியாகப் பார்க்கவில்லை. அதனால் அவளுக்கு இன்னொன்றையும் கேட்கத் தோன்றியது.

"அந்த வெள்ளம் வரல்லேன்னா அதுக கதி என்ன தம்பி?"

"வெள்ளம் வரல்லேன்னா கதையே முடியாதே அக்கா."

"எங்களுக்கு வெள்ளம் ஒண்ணும் வரப்போறதில்ல. சந்தையும் அடுப்பும்தான். நாங்க யாரைப் போய்க் காப்பாத்த?"

அவள் 'எங்களுக்கு' என்று சொன்னதை ராஜமணி கவனித்தார். சாயாக் கிளாசைக் கீழே வைத்தார். "வர்ற சனிக்கிழமை கடியபட்டணத்துல காட்டுகோம், கோயில் மைதானத்துல. அங்க உள்ளபடியே சொல்லுகேன். வந்து கேளுங்க," என்றார்.

அன்று மதியம் குளித்துவிட்டு வந்தவள் இதைத் தாணம்மாளிடம் சொன்னாள். அவளையும் கூப்பிட்டாள்.

"ஒனக்க ஊருக்கா? நானா?" தாணம்மாள் கையிலிருந்த முறத்தை வைத்துவிட்டாள். "அங்க என்னை யாருன்னு சொல்லுவ?"

"கேட்டா பாக்கலாம்."

"ஒனக்க மாமியாரு இருக்காவ. அந்தச் சிலுவை இருக்கான்."

"எல்லாரும்தான் இருக்காவ. எனக்க அக்காளும் இருக்கா. ஏழெட்டு வருஷமா அவ பிள்ளைகளுக்குக் கருப்பட்டி குடுத்துவிடுத. தின்னுகது யாருன்னு ஒனக்குப் பாக்கண்டாமா?"

தாணம்மாள் வருகிறேன் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பெட்டியிலிருந்து துவைத்த சீலையை எடுத்து உடுத்தாள்.

கடற்கரைக் கோயில் மைதானத்தில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே திரை கட்டியிருந்தது. காற்றில் அது பாய்மரம்போல உப்பியது. கொசுப் படத்தில் கொசு இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தது. கூட்டத்தில் செசிலி தங்கையைக் கண்டு, பக்கத்திலிருந்த பிள்ளைகளை நெருக்கித் தள்ளி இடம் உண்டாக்கினாள். யார் இவள் என்று கேட்கவில்லை. தாணம்மாளுக்கும் சேர்த்து இடம் போட்டாள். கொஞ்சம் தள்ளி மாமியார் உட்கார்ந்திருந்தாள். இருவரையும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கோழி திரைக்கு வந்தது. வாத்தும் வந்தது. ராஜமணி தொண்டையைச் செருமினார்.

"இது ஒரு கோழி. இது ஒரு வாத்து. ரெண்டும் பொண்ணுதான். ரெண்டுக்கும் சேந்து இருக்கணும்னு தோணிச்சு, அதான் கதை," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அப்படிச் சாதாரணமாகச் சொன்னதால் சிரிக்க இடம் கிடைக்கவில்லையோ என்னவோ. கதவு சாத்தப்பட்டபோது ஒரு கிழவி, "மூதிகளுக்கு வேற வேலை இல்ல," என்று கோழிகளைத் திட்டினாள். முட்டை வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். கோழி அதன்மேல் உட்கார்ந்தபோது தாணம்மாள் தன்னை அறியாமல் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். வெள்ளம் வந்ததும்தான் ஆண்கள் பக்கம் சத்தம் கிளம்பியது. அவர்கள் சண்டை வேறு. அந்தக் கூடையில் அத்தனை குஞ்சை ஒரே பக்கம் ஏற்றினால் கவிழாதா, நீரோட்டத்துக்கு எதிரே வாத்து எப்படி இழுக்கும், கயிற்றை அலகில் கவ்வுவதா காலில் கட்டுவதா என்று படம் முடிந்து வண்டி கிளம்பிய பிறகும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊருக்கு அதுதான் நம்பமுடியாத இடமாக இருந்தது.

கூட்டம் கலைந்தபோது தாணம்மாள் போகலாம் என்பதுபோல வியாகுலம்மாளைப் பார்த்தாள். செசிலி அவள் கையைப் பிடித்தாள்.

"எங்க போற? சாப்பிட்டு, இங்க கெடந்துட்டு, நாளைக்குப் போலாம்."

"இல்ல, நான்..."

"சாளைக் கறி வச்சிருக்கு. நீ மீன் தின்பியா மாட்டியா? அதச் சொல்லு."

"தின்பேன்," என்றாள் தாணம்மாள். "மீன்காரிகூட இருந்துட்டு எப்பிடித் தின்னாம இருக்க?"

செசிலி சத்தமாகச் சிரித்தாள். தங்கைக்கு இருந்த தொண்டை அக்காளுக்கும் இருந்தது.

சோறு தின்றுகொண்டிருந்தபோது சிலுவை வாசலில் வந்து நின்றான். அவனுக்கு இப்போது பெண்டாட்டியும் மூன்று பிள்ளைகளும். செசிலியின் புருஷனிடம் வலையைப் பற்றி ஏதோ கேட்க வந்தவன், உள்ளே பார்த்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினான்.

"மைனி, சொகமா இருக்கியளா?" என்றான்.

"இருக்கேன் சிலுவை. இது தாணம்மை," என்றாள் வியாகுலம்மாள்.

அவன் தாணம்மாளுக்கும் ஒரு தலையாட்டு ஆட்டிவிட்டுப் போனான். மாமியார் வரவில்லை, அதன்பிறகும் எப்போதும் வரவில்லை.

வியாகுலம்மாள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அக்காளிடமும் அதே கேள்வியைக் கேட்டாள். "அந்த வெள்ளம் வரல்லேன்னா அந்தக் கோழிக் கூட்டுக் கதவு தெறந்திருக்குமா அக்கா?"

செசிலி கடைசிப் பிள்ளைக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தாள். "அதுகளுக்கு அந்தக் கூட்டுல என்ன சோலி? கூடை நல்லாத்தானே இருந்துது. வைக்கோலு போட்டு, காத்து வர்ற மாதிரி. பாக்கணும்னு இருக்கவங்க கூடைக்கு வரட்டு," என்றாள். பிறகு தாணம்மாளைப் பார்த்து, "அடுத்த ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு நான் வாறேன். பிள்ளைகளும் வரும். அரி கூடுதலாப் போடு," என்றாள்.

சொன்னபடி வந்தாள். இரணியலில் அந்தத் தோப்பு வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தது அதுதான் முதல் தடவை. செசிலி கிழக்குச் சாய்ப்பையும் மேற்குச் சாய்ப்பையும் சுற்றிப் பார்த்து, மேற்கே இன்னும் ஒரு மூங்கில் தட்டி வைத்தால் கருவாட்டில் மணல் விழாது என்றாள். பிள்ளைகள் தாணம்மாளைச் சித்தி என்று கூப்பிட்டன. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, வியாகுலம்மாளைச் சித்தி என்று கூப்பிடுவதால் இவளையும் கூப்பிட்டன. அடுத்த விளையிலிருந்து முத்துநாயகம் பார்த்துக்கொண்டு நின்றான். அன்று வரவில்லை. ஆனால் அவன் பெண்டாட்டி மத்தியானத்துக்குமேல், பிள்ளைகளுக்கு என்று ஒரு சீப்புப் பழத்தை வேலி வழியாக நீட்டினாள்.

தாணம்மாள் திங்கட்கிழமை மறுபடி சந்தைக்குப் போனாள். சிலர் குசுகுசுத்தார்கள். இரண்டு பேர் அவளிடம் கருப்பட்டி வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். பகவதியப்பனின் மனைவி பகவதியம்மாள் வந்து, எப்போதும் வாங்குவதைத்தான் வாங்கினாள், எப்போதும்போல விலை குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டாள். அந்தச் சண்டை தாணம்மாளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பேச்சு வெளியே வந்துவிட்டதால் ஒரு நன்மையும் உண்டானது. முன்பெல்லாம் வேறு பக்கம் திரும்பியவர்கள் இப்போது நேராகக் கேட்டார்கள்: தாணம்மைக்கு இருமல் எப்படி இருக்கிறது, மீன்காரி இன்றைக்கு ஏன் பிந்திவிட்டாள் என்று. கேட்பவர்களுக்கு இவள் பதில் சொன்னாள், அல்லது அவள் சொன்னாள். சந்தைப் பிள்ளைகள் கொஞ்சநாள் வாத்துபோலக் கத்தி, பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டன.

அதற்கடுத்த வருடம், ஜில்லா தமிழ்நாட்டோடு சேரப்போகிறது என்று ஊர் முழுக்கப் பேச்சாக இருந்தது. மிச்ச ஊர்களெல்லாம் கொடியும் தோரணமும் வாங்கிக்கொண்டிருந்த ஐப்பசியில், ஒரு நாள் தாணம்மாள்தான் சொன்னாள்:

"திற்பரப்புல அருவி நல்லா விழுதாம். போவமா?"

வியாகுலம்மாள் மீன்கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தாள். "நாம ரெண்டுபேருமா?"

"பின்ன யாரு?"

பஸ்ஸில் குலசேகரம்வரை போய், அங்கிருந்து நடந்தார்கள். கோதையாறு நிறைந்து ஓடியது. பெண்கள் குளிக்கும் பக்கத்தில் கூட்டம். வியாகுலம்மாள் கடலைப் பார்த்தே வளர்ந்தவள், ஆனால் மேலிருந்து விழுகிற தண்ணீரைக் கண்டு பயந்து ஒதுங்கி நின்றாள். தாணம்மாள் அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். தண்ணீர் தலையில் அறைந்தபோது வியாகுலம்மாள் கத்தினாள். அருவிச் சத்தத்தையும் மீறி அது கேட்டது. கரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். தாணம்மாள் வாயை மூடாமல் சிரித்தாள்.

பாறையில் உட்கார்ந்து தலை துவட்டும்போது, பக்கத்தில் சீலை பிழிந்துகொண்டிருந்த ஓமனா என்ற பெண் பேச்சுக் கொடுத்தாள். குலசேகரம்காரி, புருஷன் மேல்கரையில் காத்திருந்தான்.

"நிங்க ரெண்டுபேரும் அக்கா தங்கச்சியா?"

வியாகுலம்மாள் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தாள். நாலுபேர் முன்னால் 'அக்கா' என்று கூப்பிட்டுப் பழகிய முறைதான் அது. தாணம்மாள் முந்திக்கொண்டாள்.

"இல்ல. இவ எனக்க வீட்டுக்காரி."

ஓமனா பிழிந்த சீலையை ஒருமுறை உதறினாள். இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரி என்று எடுத்துக்கொண்டாளோ, சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டாளோ தெரியாது. "செரி, நல்லா இரிங்க," என்று சொல்லிவிட்டுப் புருஷனைத் தேடி மேலே ஏறிப்போனாள்.

வியாகுலம்மாள் துவட்டுவதை நிறுத்திவிட்டுத் தாணம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்க? தலையத் துவட்டு, ஜலதோஷம் பிடிச்சிரும்," என்றாள் தாணம்மாள்.

மழை தூற ஆரம்பித்தது. பொட்டலத்தில் கட்டிக்கொண்டு வந்த அவித்த மரச்சீனிக் கிழங்கும் மிளகாயும் இருந்தன. நனையாமல் இருக்கப் பாறைக்கு உள்பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, இருவரும் தின்றார்கள்.